வயதுவந்தோர் வகுப்பில் எதை மாற்ற வேண்டும்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவு வகுப்புகளோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் யோசனை அது. ஊர் ஊராகப் போய் வகுப்பு நடத்த வேண்டிய பெண் தொண்டர்கள் பேருந்தையும் வீட்டு ஆண்களையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். கொஞ்ச காலத்தில் கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் சைக்கிள் ஓட்டிக்காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் கடையில் தீர்ந்துபோனபோது ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

எழுத்தறிவு வரலாற்றில் இந்தச் சைக்கிளை ஒரு சுவையான கிளைக்கதையாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நான் அதைக் கற்பித்தல் முறையின் நடுப்பகுதியாகப் பார்க்கிறேன். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் ஆகும் நேரம் குறைந்தால்தான் மாலையில் ஒரு பெண் வகுப்பில் உட்கார முடியும். படிக்க வருபவர்களின் நாளைப் பார்த்து, அந்த நாளுக்குள் எங்கே இடம் உண்டாக்கலாம் என்று யோசித்தவர்கள் அவர்கள். வயதுவந்தோர் பலதரப்பட்டவர்கள், எனவே கற்பிக்கும் முறையும் மாற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த வேறுபாட்டைப் பார்த்து எதை மாற்றுவது என்பதில்தான் நாம் அடிக்கடி தடம் மாறிவிடுகிறோம்.

ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் பரவலாகச் சொல்லப்படும் ஒரு விடை உண்டு. சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் செய்து கற்பவர்கள். அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பிக்க வேண்டும் என்பது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2004இல் பிரிட்டனில் பிராங்க் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் தேடிப் பார்த்தபோது, இப்படி மனிதர்களைப் பிரிக்கும் மாதிரிகள் 71 இருந்தன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள், பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று விரிவான மீளாய்வில் காட்டினார்கள். அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1960களின் இறுதியில் பரப்பிய முதியோர் கற்பித்தல் கோட்பாடு இதைவிடப் பயனுள்ளது. பெரியவர்கள் அனுபவத்தோடு வருகிறார்கள், உடனடித் தேவைக்காகக் கற்கிறார்கள், தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள விரும்புகிறார்கள் என்றார் அவர். குழந்தைகளுக்கு ஒரு முறை, பெரியவர்களுக்கு அதற்கு நேரெதிரான முறை என்று முதலில் எழுதியவர், 1980இல் தன் நூலைத் திருத்தியபோது அந்த எதிர்நிலையைத் தளர்த்திக்கொண்டார். அவருடைய கோட்பாடும் பொதுவாகப் பெரியவர்களைப் பற்றிப் பேசுகிறதே தவிர, மாலை ஏழு மணிக்கு இடுப்புவலியோடு வந்து உட்காரும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தப் பெண்ணிடமிருந்தே தொடங்கலாம். 1988இல் அமைந்த தேசிய எழுத்தறிவு இயக்கம் அடிப்படை எழுத்தறிவுக்கு 200 மணி நேரம் என்று கணக்கிட்டது. நாளுக்கு ஒன்றரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால்கூட ஏறத்தாழ 27 வாரம் ஆகும். ஆறு மாதத்துக்கு மேல். அந்த ஆறு மாதத்துக்குள் நடவு வரும், அறுவடை வரும், திருவிழா வரும், மகள் பிரசவத்துக்கு வருவாள். இடையில் மூன்று வாரம் வராமல் போனவரை 'இடைநின்றவர்' என்று பதிவேட்டில் எழுதுவதா, விட்ட இடத்திலிருந்து அவர் தொடரும்படி பாடத்தை அமைப்பதா? அந்த இயக்கம் கொண்டுவந்த புதிய பாடநூல் முறை மூன்று படிநிலை நூல்களாக, ஒவ்வொன்றுக்குள்ளும் பயிற்சியும் சோதனையும் வைத்து எழுதப்பட்டது. கற்பவர் தன் வேகத்தில் போகலாம், தானே சோதித்துக்கொள்ளலாம் என்பது அதன் ஏற்பாடு. கேட்பதற்குச் சிறிய மாற்றம். அறுவடை முடிந்து திரும்பி வருபவரை மற்றவர்கள் முன்னால் நிறுத்தி 'எங்கே விட்டாய்' என்று கேட்காமல் இருக்க அதுவே வழி.

அடுத்தது கண். நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் உள்ள எழுத்து மங்கத் தொடங்கும். இதை ஒரு கற்றல் குறைபாடாகவே பல வகுப்புகள் நினைத்துக்கொண்டிருந்தன. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தில், முதியவர்கள் பலருக்குப் பார்வையே தடை என்று தெரிந்ததும் வீடு வீடாகப் பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சேகரித்தார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்கத் தொண்டர்களுக்கே சிறு பயிற்சி கொடுத்தார்கள். கற்பித்தல் முறையை மாற்றுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தக் கண்ணாடிகளைத்தான். இன்றும் வகுப்பு தொடங்கும் நாளில் கண் பரிசோதனை நடக்காத திட்டம் எதுவானாலும், அதன் பாடநூல் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டே தொடங்குகிறது.

வெட்கத்தையும் சொல்ல வேண்டும். அறிவொளித் தொண்டர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள். பதினெட்டு வயதுப் பெண் ஐம்பது வயதுக்காரிக்குக் கற்பிக்கும்போது யார் யாரை எப்படி அழைப்பது? 'டீச்சர்' என்றும் 'மாணவி' என்றும் ஆனால் அந்த உறவு உடைந்துவிடும். 'அத்தை, இந்த எழுத்தைப் பாருங்க' என்று சொல்பவளின் வகுப்பில்தான் அத்தை மறுநாளும் வருவாள். வேறு தெருக்காரர், வேறு சாதிக்காரர் என்றால் இந்த முறைச்சொல் எளிதில் வாயில் வராது. வகுப்பு யார் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது என்பதும் அப்படித்தான். சிலர் அந்தத் திண்ணையில் ஏறவே மாட்டார்கள், அல்லது ஏற விடமாட்டார்கள். பொதுவிடத்தில், தெருவிளக்கின் கீழ், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடத்துவதற்கு ஒரு காரணம் அது.

இனி எழுத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் ஆழமானது, நம்முடைய பாடநூல்கள் இன்னும் போதுமான அளவு யோசிக்காததும் இங்கேதான்.

1979இல் ஜோசே மொராயிஸும் அவருடைய உடனாய்வாளர்களும் போர்ச்சுகலில் எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லுங்கள், அல்லது முன்னால் ஓர் ஒலியைச் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. அதே சூழலில் வளர்ந்து, பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றவர்களால் முடிந்தது. அறிவுக் குறைவு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. பேச்சைத் தனித்தனி ஒலியாகப் பிரித்துக் கேட்பது எழுத்தைக் கற்பதால் வரும் பழக்கம். தமிழுக்கு இதிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'ப', 'ட', 'ம' போன்ற உயிர்மெய்கள் வாயால் சொல்லக்கூடிய அசைகள். பெரியவர் காதுக்கு அவை உடனே புரியும். புள்ளி வைத்த மெய்யைத் தனியே சொல்ல முடியாது. அதனால்தான் நம் மரபு அதன் முன்னால் ஓர் இகரத்தை ஊன்றுகோலாகக் கொடுத்து 'இக்', 'இங்', 'இச்' என்று சொல்லவைத்தது. 'அ' முதல் 'ஃ' வரை நெட்டுருப் போட்டு, பிறகு மெய், பிறகு உயிர்மெய் என்று போகும் பள்ளி வரிசை ஆறு வயதுக் குழந்தைக்குச் சரியாக இருக்கலாம். கூலி வேலை முடித்து வருபவருக்கு அந்த வரிசையில் ஒரு பொருளுள்ள சொல் எழுதவே வாரக்கணக்காகும்.

எனவே சொல்லிலிருந்து தொடங்குவது. பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 1963இல் பாவ்லோ பிரெய்ரே ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முயன்றது உலகம் முழுவதும் பேசப்பட்டது. கற்பவர்களின் வாழ்க்கையிலிருந்து சில சொற்களைப் பொறுக்கி, அவற்றைப் பற்றிப் பேசவைத்து, பிறகு அசைகளாகப் பிரித்து, அந்த அசைக் குடும்பங்களிலிருந்து புதுச்சொற்களை உண்டாக்கவைத்தார். கட்டடத் தொழிலாளருக்குச் 'செங்கல்' ஒரு சொல். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தது. தமிழில் இந்த முறைக்கு அருமையான வாய்ப்பு இருக்கிறது. 'பட்டா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நிலமில்லாதவர் வாழ்நாளெல்லாம் மனதில் சுமக்கும் சொல் அது. எழுத்தாகப் பார்த்தால் ப, ட இரண்டே வடிவம். அதோடு ஒரு புள்ளி, ஒரு கால். புள்ளியின் வேலையும் காலின் வேலையும் ஒரே சொல்லில் தெரிந்துவிடும். அங்கிருந்து படம், பாடம், பட்டம், மாடம், மட்டம் என்று போகலாம். 'ம' ஒன்றைச் சேர்த்தால் போதும்.

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துவது தேவையில்லாதது. உயிர் 12, மெய்யின் வடிவம் 18, சில குறிகள், இவற்றைப் பிடித்துக்கொண்டால் பெரும்பகுதி தானாக வரும். தானாக வராத இடங்கள் எவை என்று தெரிந்து அங்கே நேரம் செலவிட வேண்டும். உகர ஊகார வரிசை அப்படி ஓர் இடம். கு, சு, டு, மு, று என ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். இன்னொன்று கொம்பு. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது குறி முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும். இடமிருந்து வலமாகக் கூட்டி வாசிக்கப் பழகியவர் இங்கே திணறுவது இயல்பு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கியது பெரியவர்களுக்குப் பேருதவி. ஆனால் பழைய பத்திரத்தையோ பழைய சாமி பாட்டுப் புத்தகத்தையோ எடுத்துவந்து 'இது என்ன எழுத்து' என்று கேட்பவருக்குப் பதில் சொல்லத் தொண்டருக்கும் அந்த வடிவங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம் இன்னொரு தடை. 'இருக்கு' என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர் 'இருக்கிறது' என்று வாசிக்க வேண்டும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொல்லும் பகுதியில் அவர் அப்படியே எழுதினால் சிவப்பு மையில் அடிப்பதா? ஒலியைக் கேட்டுச் சரியாக எழுதியிருக்கிறார். எழுத்தின் வேலை அவருக்குப் பிடிபட்டுவிட்டது. முதல் சில மாதங்கள் அவர் பேசுவதை அவர் பேசியபடியே கரும்பலகையில் எழுதி வாசிக்கவைப்பதே நல்லது என்பது என் கருத்து. ழகரத்துக்கு அப்புறம் வரலாம். தமிழே தாய்மொழியாக இல்லாத நரிக்குறவர் குடியிருப்பிலும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்து வேலை செய்பவர்களிடமும் இந்தத் தூரம் இன்னும் பெரிது. அவர்களுக்கு எழுத்தும் புதிது, மொழியும் புதிது. இரண்டையும் ஒரே மாலையில் ஒரே புத்தகத்தில் கற்பிப்பது கொடுமை.

வயதான மூளையில் ஏறாது என்ற பேச்சை மட்டும் விட்டுவிடலாம். ஸ்தானிஸ்லாஸ் தெஹான் குழுவினர் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பெரியவர்களான பிறகு படித்தவர்களின் மூளையிலும் எழுத்தைக் காணும் பகுதி பள்ளியில் படித்தவர்களுக்குப் போலவே மாறியிருந்தது. லக்னோ அருகே கிராமத்துப் பெண்கள் ஆறு மாதம் தேவநாகரி கற்ற பிறகு மூளையில் ஏற்பட்ட மாற்றங்களை இன்னொரு குழு 2017இல் காட்டியது. கற்க முடிகிறது. வேகம்தான் சிக்கல். உலக வங்கியில் பணியாற்றிய ஹெலன் அபாட்ஸி 2003இல் எழுதிய ஆய்வு இதை வற்புறுத்துகிறது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிப்பவர் வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. குறுகிய கால நினைவு சில விநாடிகளே தாங்கும். எழுத்து தெரிந்தும் பொருள் புரியாமல் போவது இதனால்தான். மீண்டும் மீண்டும், நிறைய, எளிமையானவற்றை, பெரிய எழுத்தில் வாசிப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் அளவுகோல் நிமிடத்துக்கு 30 சொல் உரக்க வாசிக்க வேண்டும் என்றது. அந்த வேகம் வரும்வரை வகுப்பை மூடக் கூடாது.

கணக்கில் நிலைமை தலைகீழ். எழுத்தில் தொடக்கநிலையில் இருப்பவர் கணக்கில் ஆசிரியரையே மிஞ்சுவார். மானிடவியலாளர் ஜீன் லேவ் கலிபோர்னியாவில் கடைக்குப் போகும் பெரியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். கடையில் எது மலிவு என்று கணக்கிட்டதில் 98 விழுக்காடு சரி. அதே ஆட்கள் தாளில் எழுதிய தேர்வில் 59 விழுக்காடுதான் சரி. நம் ஊரில் கலவை போடும் சித்தாளுக்கு 'ஒன்றுக்கு நாலு', 'ஒன்றுக்கு ஆறு' என்ற விகிதம் கைப்பழக்கம். அவரிடம் ஆப்பிள் படம் போட்டு இரண்டும் மூன்றும் எத்தனை என்று கேட்பது அவமதிப்பு. அவருக்குத் தெரியாதது எண்ணின் எழுத்து வடிவம். 'ஆயிரத்து நாற்பது' என்றால் 100040 என்று எழுதுவார். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறார், இட மதிப்பு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவே. அதை ரூபாய் நோட்டுக் கணக்காக, ஆயிரம், நூறு, பத்து என்று கட்டுகளாக அடுக்கிக் காட்டினால் விரைவில் பிடித்துக்கொள்வார். பிறகு தண்டல் கணக்குக்குப் போகலாம். பத்தாயிரம் கடன், கையில் தருவது 8,500, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது, முதலிலேயே பிடித்த 1,500 மட்டும் குறையவில்லை என்பதை அவரே எழுதிப் பார்க்கும்போது அந்த வகுப்பில் எழும் பேச்சை எந்தப் பாடநூலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.

அப்படி எழுந்த பேச்சு ஊரையே அசைத்ததும் உண்டு. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவுப் பாடத்தில் சாராயத்தால் குடும்பம் சீரழிந்த ஒரு பெண்ணின் கதை இருந்தது. அதைப் படித்துப் பேசிய தூபகுண்ட என்ற ஊர்ப் பெண்கள் 1992இல் சாராயக் கடையை எதிர்த்துக் கிளம்பினார்கள்; போராட்டம் மாநிலமெங்கும் பரவி 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. புதுக்கோட்டையில் மனு எழுதுவது அப்படி ஒரு வாசலாக இருந்தது. மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி அந்த மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்து 2013இல் எழுதிய நூல், பெண்கள் கைநாட்டை விட்டுக் கையெழுத்திட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனதைக் கூர்ந்து பார்க்கிறது. பெயரை மட்டும் எழுதக் கற்றதைச் சாதனை என்று கணக்குக் காட்டுகிறார்கள் என்று குறைசொல்பவர்கள் உண்டு. மை தடவிய பெருவிரலை நீட்டி நின்ற ஒருவருக்குக் கையெழுத்து எவ்வளவு பெரியது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதோடு நின்றுவிடக் கூடாது என்பதும் உண்மைதான்.

எது நிற்காமல் தொடரவைக்கிறது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு கொஞ்சம் எதிர்பாராத விடை தருகிறது. விக்டோரியா பர்சல்-கேட்ஸும் உடனாய்வாளர்களும் 2002இல் வெளியிட்டது அது. வகுப்பில் உண்மையான வாசிப்புப் பொருளை, அதாவது நாளிதழ், படிவம், மருந்துச் சீட்டு, கடிதம் போன்றவற்றைப் பயன்படுத்திய அளவுக்கு, கற்பவர்கள் வீட்டிலும் புதிதாக வாசிக்கவும் எழுதவும் தொடங்கினார்கள். ஆசிரியரும் கற்பவரும் சமமாக முடிவெடுத்தார்களா என்பதற்கு அந்த மாற்றத்தோடு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. உரையாடல் வேண்டாம் என்று நான் இதை வாசிக்கவில்லை. உரையாடலை மட்டும் நம்பி, ரேஷன் அட்டையையும் நூறுநாள் வேலை அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் வகுப்புக்குக் கொண்டுவர மறக்கும் நம் பழக்கத்துக்கு இது எச்சரிக்கை.

பாட்டும் உண்மையான வாசிப்புப் பொருள்தான். பிரிஜ் கோத்தாரி 1999இல் குஜராத்தில் தூர்தர்ஷன் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் பாட்டின் வரிகளை அதே மொழியில் திரையின் கீழே ஓடவிட்டார். வரி ஏற்கெனவே மனப்பாடம், அதனால் கண் தவறாமல் சொல்லைப் பிடிக்கிறது; வாசிக்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் பயிற்சி நடக்கிறது. அபாட்ஸி சொன்ன வேகப் பிரச்சினைக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. தமிழில் பாட்டுக்கா பஞ்சம்?

இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இல் தொடங்கி 2027 வரைக்குமானது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தன்னார்வலர்கள் கற்பிக்கிறார்கள். முடிவில் வாசிப்பு, எழுத்து, எண் என்று மூன்று பகுதிக்கும் 50 வீதம் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. ஒரே நாளில், ஒரே தாளில், பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து எழுதும் தேர்வு அது. அதைத் தேறியவர்களின் எண்ணிக்கையைத்தான் நாம் செய்தித்தாளில் வாசிக்கிறோம். தேறியவர்களில் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஐம்பது பேரை ஓராண்டு கழித்துத் தேடிப்போய், அவர் கையிலுள்ள செல்பேசியில் வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியையும், ஊர் நிறுத்தத்துக்கு வரும் பேருந்தின் பலகையையும், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வாசிக்க முடியாதவரிடம் எந்த எழுத்தில் நிற்கிறார், எந்த மாதத்தோடு வாசிப்பை விட்டார், கண்ணாடி இருக்கிறதா என்று மூன்று கேள்வி போதும். அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுப் பாடநூலை எழுத உட்காரலாம்.